வலையை இறக்கி எங்களை ஏற்றிய நாள்

"பொடவைய நல்லா தூக்கிச் செருகிக்க. இது பஸ்ஸு இல்ல, படியில கால வெச்சு ஏறறதுக்கு" என்றாள் அம்மா.

எனக்கு புத்தி சொன்னவள், தான் ஏற முடியாமல் படகின் விளிம்பில் வயிற்றைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி சுமதி பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ள, அம்மா உள்ளே போய் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே சம்மணம் போட்டு, அங்கேதான் உட்கார வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்தவளைப் போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம். அதற்கு உள்பக்கம் முழங்கால் தண்ணீரில் எங்கள் ஃபைபர் படகு நின்றது. காலை வியாபாரம் முடித்துவிட்டு வந்த மீன்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக ஏறினார்கள். புடவைகளில் மீன் வாசனை, தலையில் மல்லிகைப்பூ வாசனை. ஏறும்போதே ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது எல்லாருக்கும் பரவிவிட்டது.

இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரும் எழுந்திருக்கக் கூடாது. நான் காட்டற எடத்துலதான் ஒக்காரணும். நீங்கள்லாம் இப்ப வலை. வலை பேசாது."

"பேசாதுதான். ஆனா நனைஞ்சா கனக்கும்" என்றாள் ஒருத்தி.

கரையில் என் தம்பி கதிர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பொம்பளைகளை ஏற்றி ஓட்டுகிற படகில் தான் ஏறுவதாக இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டான். ஏன் இந்தக் கூத்து என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரே அறையில் மூன்று பேர்

இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது, எங்கள் முதல் வீட்டில் படகு இன்ஜினும் எங்களோடுதான் படுத்துக்கொள்ளும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அன்று முதல் அது நிஜமா என்று கேட்காதவர்கள் இல்லை.

நிஜம்தான். எங்கள் கரையில் மோட்டாரைப் படகிலேயே விட்டுவிட்டு வர மாட்டார்கள். கழற்றித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உப்புப் போக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, மர ஸ்டாண்டில் மாட்டி வைப்பார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. இருட்டில் எழுந்தால் இன்ஜின் காத்தாடி முழங்காலில் இடிக்கும். மண்ணெண்ணெய் வாசனை தலையணை வரை ஏறிவிடும். புதுப் பெண்ணுக்கு யாராவது இப்படி ஒரு சக்களத்தியைக் கொண்டுவந்து வைப்பார்களா என்று நான் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு துணியை எடுத்து இன்ஜின் மேல் போர்த்திவிட்டு, "இப்ப தெரியலல்ல" என்றார்.

இப்போது நாங்கள் கரையை விட்டு, கடலூர் டவுனில் செம்மண்டலத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்குச் சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. தினமும் பஸ் பிடிக்க அதுதான் வசதி. இன்ஜின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. கதிர் என்னை "செம்மண்டலத்தம்மா" என்று கூப்பிடுவான், கோபம் வந்தால் மட்டும்.

ஆனால் படகு என் பேரில் இருக்கிறது. அப்பா போன பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைய வசதியாக இருக்கும் என்று, படித்தவள் பேரிலேயே பதிந்துவிட்டார்கள். ஓட்டுவது என் வீட்டுக்காரரும் கதிரும். எனக்கும் படகுக்கும் உறவு கையெழுத்தோடு சரி. வலை ஏறுகிற படகில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஏறுவதில்லை. யாரும் அதைச் சட்டமாகச் சொன்னதில்லை. யாரும் ஏறியதும் இல்லை.

பெண் பார்க்கிற நாள்

எங்கள் கரையில் காத்தாடி என்றால் இன்ஜினின் அடியில் தண்ணீருக்குள் சுற்றுகிற புரொப்பல்லர். சிதம்பரத்தில் என் ஆபீஸ் தோழி ஒருத்தி, வீட்டில் காத்தாடியால் சண்டை என்று நான் சொன்னதும், "சீலிங் ஃபேனா, டேபிள் ஃபேனா?" என்று கேட்டாள்.

அதன் நடு உருளையில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் அதன் அகலம். இரண்டாவது எண்தான் வில்லங்கம். மரத்தில் திருகாணி முறுக்கினால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே இறங்கும் இல்லையா, அப்படிக் காத்தாடி ஒரு சுற்றுச் சுற்றினால் படகு எத்தனை அங்குலம் முன்னால் போக வேண்டும் என்பது அந்த எண். எண் பெரிதானால் படகு பறக்கும், ஆனால் பாரம் ஏறினால் இன்ஜின் திணறும். எண் சிறிதானால் பாரத்தை இழுக்கும், ஆனால் வெறும் படகில் இன்ஜின் வீணாகக் கத்தும், வேகம் வராது.

அதுவரை எங்கள் படகில் இருந்தது ஒன்பது. அது தேய்ந்து, ஓர் இதழ் பாறையில் அடிபட்டு வளைந்துவிட்டது. புதிது வாங்க வேண்டிய நேரத்தில் கதிர் பதினொன்று வேண்டும் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை.

"மொத ஆளா போயி வலைய உட்டாதான்க்கா மீனு. மொத ஆளா வந்தாதான் ஏலத்துல வெல. பின்னாடி வர்றவன் மீன ஐஸ்காரன்கூட திரும்பிப் பாக்க மாட்டான்."

முதுநகரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவரிடம் எது நல்லது என்று நான் போனில் கேட்டேன். "ரெண்டும் நல்லதுதாம்மா. ரெண்டும் என்கிட்டதான் இருக்குது" என்றார். நல்ல வியாபாரி.

கதிர் பதினொன்றை வாங்கி வந்தான். எங்கள் பக்கத்தில் படகுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஓட்டத்தில் வலை ஏற்ற மாட்டார்கள். பூச் சுற்றி, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வெறும் படகை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார்கள். நல்ல நாளில் வலை நனையக் கூடாது, மீன் சாகக் கூடாது. அன்று எங்கள் படகு தண்ணீரில் படுகிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் போனது. கரையில் விசில் பறந்தது. கதிர் திரும்பி வந்தபோது அவன் நெஞ்சு அரை சாண் முன்னால் வந்திருந்தது.

இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் கரையில் எத்தனை படகு உண்டோ, அத்தனைக்கும் காத்தாடியைத் தேர்ந்தெடுத்தது இப்படி வெறும் படகில் ஓட்டிப் பார்த்துத்தான். பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரரும்தான் வாயைத் திறக்காமல் அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

மத்தி நிறைந்த நாள்

கொஞ்ச நாள் பதினொன்று எங்களுக்கு ராசியாகத்தான் இருந்தது. மீன்பாடு சுமாராக இருந்தது, அதனால் பாரமும் சுமார். பிறகு ஒரு காலையில் மத்தி மீன் வலை கொள்ளாமல் விழுந்தது. படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் மிச்சம் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அந்தப் பாரத்தோடு முகத்துவாரத்துக்குத் திரும்பினார்கள். அங்கே மணல் திட்டு மேல் அலை உடையும். படகு அலைக்கு முன்னால் ஓடி ஆற்றுக்குள் நுழைந்துவிட வேண்டும். பின்னால் வருகிற அலை பிடித்துவிட்டால் படகு குறுக்கே திரும்பிவிடும். அன்று இன்ஜின் பிடித்திருந்தது கதிர். இன்ஜின் பிடியை முழுசாகத் திருப்பியும் படகு வேகம் எடுக்கவில்லை. அலை பிடித்தது. படகு ஒருக்களித்தது, என் வீட்டுக்காரர் வெளியே போய் விழுந்தார். கதிர் ஒரு கையால் இன்ஜினை விடாமல், இன்னொரு கையால் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்தான். மீன் போயிற்று. வலை கிழிந்தது. ஆட்கள் இரண்டு பேரும் கரை வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு ஆபீஸில் இருக்கும்போது சுமதிதான் போன் செய்தாள். "ஒண்ணும் இல்லக்கா" என்று ஆரம்பித்தாள். ஒன்றும் இல்லை என்று ஆரம்பிக்கிற போன் வந்தால் நான் முதலில் பையைத்தான் எடுப்பேன். பஸ்ஸில் கடலூர் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை.

வந்து பார்த்தால் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"காத்தாடிய மாத்து மச்சான். லோடு இழுக்கல" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒங்க உயிரக் காப்பாத்தினேன் மாமா. அதுக்கு ஒரு வார்த்த இல்ல. காத்தாடிய சொல்றீங்க."

"ரெண்டும் வேற வேற."

"இன்னா வேற வேற? வாங்கினவன் நான். ஓட்டினவன் நான். என்னத்தானே சொல்றீங்க?"

அதோடு பேச்சு நின்றது. ஒரே படகில் போவார்கள், ஒரே வலையை இழுப்பார்கள், பேச மாட்டார்கள். மண்ணெண்ணெய் வாங்கியாச்சா என்று கேட்பதற்குக்கூட நடுவில் அம்மா வேண்டும். கதிர் கேரளாவுக்குப் போய்விடுவேன், அங்கே படகில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். படகு உன் பேரில்தானே இருக்கிறது, நீயே ஒரு முடிவு சொல் என்றார்கள். எத்தனையோ வருஷமாக என் கையெழுத்துக்கு மட்டும் வேலை இருந்தது. திடீரென்று எனக்கும் வேலை வந்துவிட்டது.

எனக்குக் காத்தாடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே படகில் போக வேண்டும், இரண்டு பேரும் திரும்பி வர வேண்டும். ஒன்பது என்று நான் சொன்னால் தம்பி கேரளாவுக்குப் போவான். பதினொன்று என்று சொன்னால் அடுத்த முறை சட்டைக் காலர் கையில் சிக்குமா என்று எனக்குத் தெரியாது.

மேம்பாலத்தில் முக்கிய ஆட்டோ

அந்த வாரம் சிதம்பரம் பஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். மாணவர்களை அடைத்து ஏற்றியிருந்தார் டிரைவர். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது வண்டி முக்க ஆரம்பித்தது. பக்கத்தில் சைக்கிளில் போனவர் எங்களைத் தாண்டிப் போனார். பையன்கள் அவருக்குக் கை காட்டினார்கள்.

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேம்மா. ஓட்டிப் பாத்தப்ப அம்சமா ஓடுச்சி. அன்னிக்கு நான் ஒரு ஆளுதான் ஒக்காந்திருந்தேன்" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. வண்டிக்குப் பூச் சுற்றி எலுமிச்சம்பழம் நசுக்காததுதான் குறை, மற்றபடி இவரும் எங்கள் ஆள்தான். பாலத்தின் உச்சி வருவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். வாயால் முடிவு சொல்லப் போவதில்லை. பழைய ஒன்பதின் வளைந்த இதழைத் தட்டி நிமிர்த்தி வாங்குவது. பிறகு பதினொன்று, ஒன்பது இரண்டையும் பாரத்தோடு ஓட்டிப் பார்ப்பது.

சாயந்திரம் நேராக அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றலாம் என்றேன்.

அம்மா வாயில் வெற்றிலையோடு என்னைப் பார்த்தாள். "தொழில் பண்ற படகுல மண்ண அள்ளிப் போடப் போறியா? பொழப்புல மண்ணள்ளிப் போடறதுன்னா வேற இன்னாடி?"

சரி, ஆம்பிளைகளை ஏற்றலாம் என்றேன். கரையில் கேட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேர் கதிர் கட்சி, பாதிப் பேர் அவன் மாமா கட்சி. ஒரு கட்சிக்காரன் ஏறினால் வேண்டுமென்றே குதித்து ஆட்டுவான் என்று மறு கட்சி சொன்னது. எந்தக் கட்சியிலும் இல்லாத ஒருவர், "நான் இன்னா மூட்டையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்போது சுமதிதான் பேசினாள். அதிகம் பேசாத பெண். மீன் ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "நாங்க வர்றோம்" என்றாள்.

வலை ஏறுகிற படகாயிற்றே என்று நான் இழுத்தேன்.

"வலைய எறக்கிட்டா அது வெறும் படகுதான்" என்றாள் அம்மா. தீர்ப்பு முடிந்தது. கூடவே, "எடை வேணும்னா என்ன உட்டுட்டு யாரடி ஏத்தப் போறீங்க?" என்று ஒரு கேள்வியும் கேட்டாள்.

கரையில் நின்றவர்கள்

இப்படித்தான் அன்று காலை நாங்கள் வலையானோம். கடல் அமைதியாக இருந்த நாளாகப் பார்த்து, ஏற்றத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் உயர்ந்திருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கிளப்பினார். வீட்டில் தலையணைக்குப் பதிலாகப் பயன்பட்ட லைஃப் ஜாக்கெட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. அம்மாவுக்கு எதன் பட்டையும் எட்டவில்லை. அவள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் பதினொன்று. ஆற்றுக்குள் போகும்போது சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. இன்ஜின் மட்டும் அடித்தொண்டையில் முனகியது. படகின் மூக்கு தூக்கி, பின்பக்கம் அமுங்கி இருந்தது. முகத்துவாரத்தைத் தாண்டி, கொஞ்ச தூரம் போய்த் திருப்பினார். பாட்டு நின்றுவிட்டது. எல்லாருக்கும் முதல் தடவையாகக் கரை எதிரில் தெரிந்தது.

கரையில் ஆம்பிளைகள் நின்றார்கள். வரிசையாக, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. ஒருவர் நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்திருந்தார். இன்னொருவர் பையனை இடுப்பில் வைத்திருந்தார், அவருடைய மனைவி படகில் என் பக்கத்தில் இருந்தாள். நாங்கள் நிற்கிற இடம் அது. நாங்கள் நிற்கிற மாதிரியேதான் நின்றார்கள்.

சுனாமிக்குப் பிறகு அம்மா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை. படகிலும் எங்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தாள். அதனால் அவள்தான் முதலில் பார்த்தாள்.

"வருது" என்றாள், மெதுவாக.

பெரிய அலை இல்லை. கதிரும் இவரும் தினமும் பார்க்கிற அலைதான். என் வீட்டுக்காரர் பிடியைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். அதற்கு மேல் திருப்ப இடமில்லை. இன்ஜின் முனகியதே தவிரப் படகு எடுக்கவில்லை. ஓடுகிறது, ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது. என் மணிக்கட்டை அம்மா பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் உடைந்தது. அலை பின்பக்கம் ஏறிச் சுமதி தலையில் கொட்டியது. யாரோ அம்மன் பேரைச் சொன்னார்கள்.

நான் கரையைப் பார்த்தேன். கதிர் ஓடி வந்துகொண்டிருந்தான். லுங்கியோடு, மார்பளவு தண்ணீரில், கையால் தண்ணீரை விலக்கி விலக்கி. வந்தால் எங்களை என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஓடி வந்தான்.

அலை அடியில் நுழைந்து போய்விட்டது. படகு ஒரு தடவை குலுங்கிவிட்டு ஆற்றுக்குள் நுழைந்தது. முழங்கால் வரை தண்ணீரோடு உட்கார்ந்திருந்தோம். அம்மா தன் லைஃப் ஜாக்கெட்டால் தண்ணீரை இறைக்கப் பார்த்தாள், அதில் எல்லாருக்கும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கதிர் முகத்தில் ஈயாடவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த சுமதியைப் பார்த்தான். நேராகப் பின்பக்கம் போனான்.

"இன்ஜின தூக்குங்க மாமா" என்றான்.

அத்தனை நாளுக்குப் பிறகு அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் தூக்கிப் பிடித்தார். கதிர் பதினொன்றைக் கழற்றிக் கரையில் எறிந்தான். ஒன்பதை மாட்டினான். மாட்டிவிட்டு, பொம்பளைகள் இருக்கிற படகில் ஏற மாட்டேன் என்றவன், ஏறி இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எறங்கறவங்க எறங்கிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒருத்தியும் இறங்கவில்லை. "ரெண்டு தடவ கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்னீங்க?" என்றார்கள்.

இரண்டாவது ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல விஷயங்களில் சொல்ல எப்போதுமே அதிகம் இருப்பதில்லை. இன்ஜின் முனகவில்லை, சீராகப் பாடியது. வேகம் குறைவுதான். திரும்பும்போது ஓர் அலை வந்தது. அம்மா "வருது" என்றாள். கதிர் பிடியைத் திருப்பினான். படகு முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல முன்னால் போனது. அலை எங்களுக்குப் பின்னால் உடைந்தது.

பெண்கள் எல்லாரும் இறங்கிப் புடவையைப் பிழிந்துகொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் வலையை மறுபடி ஏற்ற ஆள் கூப்பிடப் போனார். கதிர் படகின் ஓரத்தில் குனிந்து நின்றான். சுமதி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான் கதிர், என்னைப் பார்க்காமல். "நாங்க வர்றப்ப ஒங்களுக்கு இப்டித்தான் இருக்குமா? தெனமும்?"

நான் செம்மண்டலத்தில் இருப்பவள். தினமும் கரையில் நிற்பவள் நான் இல்லை.

"தெனமும்தான்" என்றாள் சுமதி.

கதிர் ஸ்பேனரை எடுத்து, ஒன்பதின் நட்டை இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தான். அது முதலிலேயே இறுகித்தான் இருந்தது.